திறக்காத சிப்பிக்கு என்ன விலை? - முத்து ஏலம் முதல் ஆட்டக்காரர் ஏலம் வரை

மணப்பாடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, கடலை ஒட்டிய மணல் குன்றும் அதன் உச்சியில் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலும்தான். திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊரில்தான் 1542-ல் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியிருந்த குகை இருக்கிறது. செப்டம்பர் 14-ம் தேதி திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ மக்கள் வருவார்கள். கடற்கரை மணலில் பையன்கள் கால்பந்து உதைத்துக் கொண்டிருப்பார்கள்.

இந்தக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று ஒரு பழைய பெயர் உண்டு. வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று ஏழு பெரிய பரதவர் ஊர்கள் இதில் அடக்கம். கொற்கை முத்து ரோமாபுரி வரைக்கும் போன கதையைப் பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஆனால் அந்த முத்து எப்படி விற்கப்பட்டது என்பதை எந்தப் பள்ளிப் புத்தகமும் விரிவாகச் சொல்வதில்லை. இன்றைய ஐ.பி.எல். ஏலத்தையும், ஏலம் நடக்கும் நாளில் ரசிகர்கள் போடும் கூச்சலையும் புரிந்துகொள்ள அந்தக் கதை ரொம்பவே உதவும்!

சிப்பி ஏலம்

ஆங்கிலேயர் காலத்தில் முத்துக்குளிப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். எந்த வருடம் குளிக்கலாம், எந்தப் பாரில் குளிக்கலாம் என்பதையெல்லாம் அரசுதான் முடிவு செய்யும். முதலில் கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைக்கும் முத்தை மதிப்பிடுபவர்களிடம் கொடுத்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் முத்து இருக்கும் என்று ஒரு கணக்கை வெளியிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் ஊர் ஊராக வியாபாரிகள் வந்து கூடுவார்கள்.

காலையில் போன தோணிகள் பிற்பகலில் திரும்பும். சிப்பிகளைப் பங்கு போட்டுப் பிரிப்பார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த முறைப்படி மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு மூச்சடக்கிக் குளித்தவர்களுக்கு. அரசுப் பங்கை அன்று மாலையே ஏலம் விடுவார்கள். ஆயிரம் சிப்பி என்ன விலை என்றுதான் கேள்வி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஏலத்தில் விற்பது சிப்பி, முத்து அல்ல! வாங்குகிறவர் அதைத் திறந்து பார்க்க முடியாது. வாங்கிய பிறகும் உடனே தெரியாது. சிப்பியை நாள்கணக்கில் வெயிலில் போட்டு அழுகவைக்க வேண்டும். ஈ மொய்க்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். அதற்கப்புறம் கழுவிச் சலித்தால்தான் லாபமா நட்டமா என்று தெரியும். குளித்தவர்களும் தங்கள் பங்கை வெளியே வந்த கையோடு சில்லறையாக விற்றுவிடுவார்கள். பத்துச் சிப்பி, இருபது சிப்பி என்று வாங்கி அதிர்ஷ்டம் பார்க்க ஒரு கூட்டமே காத்திருக்கும்.

1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்ததுதான் கடைசி முத்துக்குளிப்பு. அதோடு அந்த ஏலமும் முடிந்துபோனது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றுக்கு எல்லோர் முன்னாலும் விலை வைக்கும் பழக்கம் முடியவில்லை. இப்போது அது விளையாட்டு மைதானத்துக்குப் போயிருக்கிறது.

அமெரிக்காவில் ஆரம்பித்த கதை

ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தைப் பெரிய அளவில் கொண்டு வந்தது அமெரிக்கக் கால்பந்து. (மணப்பாட்டுப் பையன்கள் ஆடும் கால்பந்து வேறு, இது வேறு. இதில் பந்தைக் கையில் பிடித்துக் கொண்டு ஓடுவார்கள்.) பணக்கார அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனதால், பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935-ல் ஒரு யோசனை சொன்னார். கல்லூரி முடித்து வரும் ஆட்டக்காரர்களின் பட்டியலைப் போடுவோம், கடைசி இடத்தில் முடித்த அணி முதலில் எடுக்கட்டும் என்றார். 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஓர் ஓட்டலில் முதல் 'டிராஃப்ட்' நடந்தது. முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் அந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. முதல் சிப்பியே வெறும் சிப்பி!

அந்த ஆட்டத்தில் 'குவார்ட்டர்பேக்' என்று ஒருவர் உண்டு. பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்று முடிவு செய்பவர் அவரே. நம் கணக்கில் சொன்னால் கேப்டன், கீப்பர், கடைசி ஓவரில் நின்று முடிப்பவர் எல்லாம் சேர்ந்த ஒரே ஆள். அதனால் புது குவார்ட்டர்பேக்கை அணி எடுக்கிறது என்றால் ஊரே இரண்டுபடும்.

1999-ல் அதே பிலடெல்பியாவில் அதுதான் நடந்தது. முந்தைய பருவத்தில் 16 ஆட்டங்களில் 13 தோற்றிருந்த அணிக்கு இரண்டாவது தேர்வு கிடைத்தது. ரசிகர்களுக்கு வேண்டியது ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஓட்டக்காரர். நகர மேயர்கூட அவர் பக்கம்தான் பேசினார். ஒரு வானொலித் தொகுப்பாளர் ரசிகர்களைத் திரட்டிப் பேருந்தில் நியூயார்க்குக்கே அழைத்துப் போனார். ஏப்ரல் 17-ம் தேதி மேடையில் டொனோவன் மெக்நாப் என்ற குவார்ட்டர்பேக்கின் பெயரை அறிவித்ததும் அந்தக் கூட்டம் ஊளையிட்டது. 22 வயது இளைஞர், வாழ்க்கையின் பெரிய நாளில், இனி தன் சொந்த ரசிகர்களாகப் போகிறவர்களின் ஊளையைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் விசேஷம். மெக்நாப் அந்த ஊரில் 11 பருவம் ஆடினார். ஐந்து முறை அணியை இறுதிப்போட்டிக்கு முந்தைய கட்டம் வரை கொண்டுபோனார். 2005 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதிக்கே கொண்டுபோய் 3 புள்ளியில் தோற்றார். 2013-ல் அவருடைய 5-ம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அதே அணி விழா எடுத்தது. ஊளையிட்ட ஊரே எழுந்து நின்று கை தட்டியது.

2008, பிப்ரவரி 20

இப்போது நம் ஊருக்கு வருவோம். மும்பையில் ஐ.பி.எல்.-லின் முதல் ஏலம் நடந்த நாள் அது. ஓர் அணி 50 லட்சம் டாலருக்குள் ஆள் எடுக்க வேண்டும். சச்சினுக்கு மும்பை, கங்குலிக்கு கொல்கத்தா, திராவிடுக்கு பெங்களூர், சேவாக்குக்கு டெல்லி, யுவராஜுக்கு பஞ்சாப் என்று ஐந்து பேர் 'ஐகான்' ஆட்டக்காரர்கள். இவர்கள் ஏலத்துக்கு வர மாட்டார்கள். ஆனால் அணி ஏலத்தில் எடுக்கும் மிக அதிக விலை ஆட்டக்காரரை விட இவர்களுக்கு 15 சதவிகிதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

சென்னைக்கு ஐகான் இல்லை. பார்ப்பதற்கு இது குறை. ஆனால் வணிகவியல் படிப்பவர்கள் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் புரியும், அதுதான் சென்னையின் பலம்! மும்பை அணி தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தால் சச்சினுக்கு 17.25 லட்சம் தர வேண்டும். இரண்டு பேருக்கே 32.25 லட்சம் போய்விடும். மிச்சம் 17.75 லட்சத்தில் ஓர் அணியையே கட்ட வேண்டும். சென்னைக்கோ தோனிக்குக் கொடுத்தது போகக் கையில் 35 லட்சம் இருக்கும். 15 லட்சத்தில் மற்றவர்கள் நிற்க, சுத்தியல் சென்னைக்காக விழுந்தது. அன்றைய கணக்கில் சுமார் 6 கோடி ரூபாய். அந்த ஏலத்திலேயே அதிக விலை அதுதான். அணி நிர்வாகம் முதலில் சேவாக்கைப் பற்றித்தான் யோசித்தது என்றும், தோனிதான் வேண்டும் என்று வற்புறுத்தியவர் தமிழகத்தின் முன்னாள் தொடக்க ஆட்டக்காரர் வி.பி. சந்திரசேகர் என்றும் பின்னாளில் பேட்டிகளில் வெளிவந்தது.

பெரும்பாலான ரசிகர்களுக்கு மகிழ்ச்சிதான். ஐந்து மாதத்துக்கு முன்னால்தான் தோனி இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்று வந்திருந்தார். ஆனால் மகிழ்ச்சிக்கு உள்ளே ஒரு கேள்வியும் இருந்தது. ஐந்து ஊர்களுக்குச் சொந்த மண்ணின் மைந்தர் கிடைக்க, சென்னைக்கு மட்டும் ராஞ்சிக்காரரா? தமிழ் தெரியாத ஒருவர் எப்படி 'நம்ம ஆள்' ஆவார்?

இந்தக் கேள்விக்கு ஒரு முகம் உண்டு என்றால் அது தினேஷ் கார்த்திக்கின் முகம். சென்னையில் பிறந்த விக்கெட் கீப்பர். இந்திய டெஸ்ட் அணியில் அவர் இடத்துக்கு 2005 டிசம்பரில் தோனி வந்தார். தோனியின் அந்த முதல் டெஸ்ட் நடந்த இடம் எது தெரியுமா? சேப்பாக்கம்! இரண்டு வருடம் கழித்துச் சொந்த ஊருக்கு அணி வந்தபோது, தன்னைத்தான் எடுப்பார்கள், கேப்டனாகக்கூட ஆக்கலாம் என்று கார்த்திக் நினைத்துக் கொண்டிருந்தார். ஏலத்தில் முதல் முக்கியப் பெயராகத் தோனியைச் சென்னை எடுத்தபோது நெஞ்சில் கத்தி இறங்கியது போல இருந்தது என்ற பொருளில் 2020-ல் அவரே பேட்டி கொடுத்திருக்கிறார். அவரை டெல்லி எடுத்தது. அதற்கப்புறம் எத்தனையோ அணிகளுக்கு ஆடி 2024-ல் ஓய்வு பெற்றார். சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையை மட்டும் ஒருநாளும் போடவில்லை.

'தல' ஆன கதை

கேள்விக்குப் பதில் ஏல நாளில் கிடைக்கவில்லை. வருடங்கள் ஆயின. 2008-ல் இறுதிப்போட்டியில் தோல்வி. 2010, 2011-ல் கோப்பை. 2001-ல் வந்த 'தீனா' படத்திலிருந்து அஜித்துக்கு மட்டுமே உரியதாக இருந்த 'தல' என்ற பட்டம் மெல்ல தோனிக்கும் போனது. தமிழ்நாட்டில் ஒரு நடிகரின் பட்டத்தை இன்னொருவருக்குத் தருவது லேசுப்பட்ட காரியமா என்ன?

உண்மையான சோதனை 2015-ல் வந்தது. சூதாட்ட விவகாரத்தில் சென்னை அணிக்கு இரண்டு ஆண்டு தடை. 2016, 2017-ல் தோனி புனே அணிக்கு ஆடினார். 2018-ல் அணி திரும்பி வந்த கையோடு காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டத்தோடு மிச்சமெல்லாம் புனேவுக்கு மாற்றப்பட்டன. அப்போது சுமார் ஆயிரம் ரசிகர்கள் சென்னையிலிருந்து தனி ரயிலில் ஆட்டம் பார்க்கப் போனார்கள். அந்த வருடம் கோப்பையும் வந்தது. ராஞ்சிக்காரரா என்ற பேச்சு அதற்கப்புறம் எங்கே கேட்டது?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2008-ல் தோனியின் விலை 6 கோடி. 2022-ல் 12 கோடி. 2025-க்கு அவரை வைத்துக்கொள்ள அணி கொடுத்தது 4 கோடி! ஐந்து ஆண்டுகளாகச் சர்வதேச ஆட்டம் ஆடாதவர்களுக்கான விதியில் அது சாத்தியமானது. முதல் வருடத்தை விட விலை குறைவு. ஆனால் அவர் மட்டையோடு இறங்கும்போது எழுந்த சத்தம் 2008-ஐ விடப் பல மடங்கு. விலை ஒரு பேரேட்டில், பாசம் இன்னொரு பேரேட்டில். இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போவதில்லை.

அந்தப் பக்கத்துக் கணக்கு

ஆனால் கதையை இதோடு முடித்தால் அது பாதிக் கணக்குதான். பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டுமே!

2022 ஏலத்தில் சாய் சுதர்சன் என்ற சென்னைப் பையனைக் குஜராத் அணி 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023 இறுதிப்போட்டியில் அவர் 47 பந்தில் 96 ரன் அடித்தார். யாருக்கு எதிராக? சென்னைக்கு எதிராக! கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டியிருக்க, சிக்சரும் பவுண்டரியும் அடித்துச் சென்னையை ஜெயிக்க வைத்தவர் குஜராத்தின் ஜாம்நகரைச் சேர்ந்த ரவீந்திர ஜடேஜா. சென்னைக்காரர் குஜராத்துக்கு அடிக்க, குஜராத்காரர் சென்னைக்கு அடிக்க, அன்று 'நம்ம ஆள்' யார்? சேப்பாக்க ரசிகர்கள் தயங்காமல் ஜடேஜா என்றார்கள். 2025-ல் 759 ரன் அடித்து தொடரிலேயே முதலிடம் பிடித்த சுதர்சனைப் பார்த்தபோதோ, இவரை ஏன் விட்டோம் என்று அதே ரசிகர்கள் கேட்டார்கள். தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களைச் சென்னை அணி எடுப்பதில்லை என்ற குறை ஒவ்வோர் ஏலத்தன்றும் எழுவதுதான்.

இந்த விஷயத்தில் தூத்துக்குடிக்கும் ஓர் அனுபவம் உண்டு. 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது தூத்துக்குடி பெயரிலும் ஓர் அணி வந்தது, டூட்டி பேட்ரியாட்ஸ். ஆட்டக்காரர்களை டிராஃப்ட் முறையில்தான் பிரித்தார்கள். சென்னை எடுக்காத தினேஷ் கார்த்திக் தூத்துக்குடிக்கு வந்தார்! வாஷிங்டன் சுந்தரும் அங்கே ஆடினார். முதல் வருடமே கோப்பை. ஆனால் ஆட்டங்கள் சென்னையிலும் நத்தத்திலும் திருநெல்வேலி சங்கர் நகரிலும்தான் நடந்தன. 2021 தொடரில் அந்த அணியே சேலம் ஸ்பார்ட்டன்ஸ் என்று பெயர் மாறிப்போனது. கோப்பை வென்ற ஊருக்கு அணி இல்லை. ஊர் பெயரை எடுத்துவிட ரசிகர்களிடம் யாரும் கையெழுத்து கேட்கவில்லை.

இந்தக் கரையின் கால்பந்துக்கோ அந்த ஏலமேடைகூட நிலைக்கவில்லை. இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் தொடங்கியபோது இந்திய ஆட்டக்காரர்களை டிராஃப்ட் வைத்துத்தான் எடுத்தார்கள். 2017-க்குப் பிறகு அணிகளே நேராக ஒப்பந்தம் போட ஆரம்பித்தன. குமரி மாவட்டத்து மீனவக் கிராமமான இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி அணியில் ஆடி, பிறகு ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று போனார். கடற்கரை மணலில் ஆரம்பித்தவர்கள் அவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் அவர் பெயர் வரும் என்று இங்கே யாரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து சுத்தியலுக்காகக் காத்திருந்ததில்லை.

ரசிகனுக்கு எந்தப் பங்கு?

சிப்பி ஏலத்தில் மூன்று பேர் உண்டு. விற்கும் அரசு, வாங்கும் வியாபாரி, மூச்சடக்கிக் குளித்தவர். குளித்தவருக்கும் மூன்றில் ஒரு பங்கு உறுதி. ஆட்டக்காரர் ஏலத்தில் சிப்பியும் ஆட்டக்காரர்தான், குளிப்பவரும் ஆட்டக்காரர்தான். அவருக்கு அவர் சம்பளம் உண்டு, அணிக்கு லாபம் உண்டு. ரசிகனுக்கு மட்டும் பங்கு கிடையாது. யாரை எடுப்பது என்பதில் வாக்கும் கிடையாது. அவனிடம் இருப்பது தொண்டை மட்டுமே. அதனால்தான் பிலடெல்பியாவில் ஊளை, சென்னையில் விசில்.

ஆனால் இதில் ஒரு நியாயக் குறைவு இருக்கிறது. கோபம் எடுத்தவர்கள் மேல். ஊளை விழுவதோ எடுக்கப்பட்டவன் மேல். மெக்நாப் தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக் கொள்ளவில்லை. தோனியும் கார்த்திக்கின் இடத்தைக் கேட்டு வாங்கவில்லை.

2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டுச் சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியது. 2023-ல் கோப்பையைக் கையில் கொடுத்தவரை அனுப்பிவிட்டார்களே என்று பல ரசிகர்களுக்கு ஆற்றாமை. அடுத்த மாதம் அபுதாபியில் நடந்த ஏலத்தில், இந்தியாவுக்கு இன்னும் ஆடியிராத இரண்டு பேரைத் தலா 14.20 கோடிக்கு எடுத்தது. கார்த்திக் சர்மாவுக்கு வயது 19, பிரசாந்த் வீருக்கு 20. இருவரின் அடிப்படை விலையும் 30 லட்சம்தான். இவ்வளவு பணமா, யார் இவர்கள், தமிழ்நாட்டில் ஆளே இல்லையா என்று அன்று மாலையே தீர்ப்புகள் வந்து குவிந்தன.

அந்தக் காலத்து வியாபாரி தூத்துக்குடிக் கரையில் சிப்பி வாங்கிய அன்று மாலையே இது வெறும் சிப்பி என்று யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. வெயிலும் ஈயும் நாற்றமுமாகச் சில நாட்கள் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இத்தனைக்கும் அவர் போட்டது சொந்தப் பணம். ரசிகர்கள் போட்டிருப்பது சத்தம் மட்டும்தானே, கொஞ்ச நாள் பொறுக்கலாம்!

இந்த 19 வயதும் 20 வயதும் நாளை 'நம்ம பசங்க' ஆவார்களா, வெறும் சிப்பியாகப் போவார்களா? உங்கள் கணிப்பு என்ன நண்பர்களே?